ஆத்தூர் தாண்டி இறக்கிவிட்ட பெண்

ஸ்ரீ:
தென்திருப்பேரை
4-3-2025

சௌபாக்கியவதி ஜான்ஹவிக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம்.

இங்கே நானும் உன் அம்மாவும் பெருமாள் கிருபையில் சௌக்கியம். தூத்துக்குடியில் நீயும் மாப்பிள்ளை ரங்காவும் குழந்தை பத்மஸ்ரீயும் சௌக்கியம் என்று நானேதான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. அம்மாவுக்குப் போன் பண்ணுகிறாய். எனக்கும் பண்ணலாம், என் காதின் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. மிஷினை மாட்டினால் ஊர் இரைச்சல் எல்லாம் கேட்கிறது, நீ பேசுவது மட்டும் கேட்பதில்லை. அதனால் கடிதம்தான் நமக்குச் சரி.

ஞாயிற்றுக்கிழமை என் நட்சத்திரம். எழுபது முடிந்தது. உன் அம்மா ஒரு ஊருக்கே போதுமான அக்காரவடிசல் பண்ணி வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். யாருக்கு இவ்வளவு என்று கேட்டால், இருக்கட்டும் என்றாள். கடைசியில் அக்கம்பக்கத்தில் கொடுத்தோம்.

அன்றைக்குப் பார்த்துப் பெருமாளுக்குத் திருமஞ்சனம். ஆத்தூரிலிருந்து வெற்றிலை கொண்டுவரும் லிங்கராஜுக்குக் காய்ச்சல். நானே போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். போனது சுகம், வந்ததுதான் கஷ்டம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பெருமாளுக்கு என்று ஒன்றைக் கையில் வாங்கிவிட்டால் சந்நிதியில் சேர்க்கும்வரை கீழே வைக்கக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. தூத்துக்குடியிலிருந்து வருகிற பஸ், நிற்க இடமில்லை. யாரோ புண்ணியவான் முன்னால் எழுந்து இடம் கொடுத்தான். வெற்றிலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஏதோ சலசலப்பு. மிஷினைக் கழற்றிப் பையில் போட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் காதருகே வந்து சொன்னார். பின்சீட்டில் ஒரு பெண் இத்தனை ஆண்களுக்கு நடுவே கூச்சமில்லாமல் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாளாம், மூடிக்கொள் என்றால் எதிர்த்துப் பேசுகிறாளாம். கண்டக்டர் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான்தான் அவனைக் கூப்பிட்டேன். "மூடிண்டு உட்காரச் சொல்லு, இல்லேன்னா இறக்கி விட்டுடு. பெருமாள் சாமான் வண்டியில இருக்கு" என்றேன். அவன் போய்ச் சொன்னான். விசில் அடித்தான், வண்டி நின்றது, இறங்கிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். சாயந்தரம் கோயிலில் சொன்னபோது, நீர் ஒருத்தராவது வாயைத் திறந்தீரே என்று எல்லோரும் சொன்னார்கள். உன் அம்மாவிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்கு அன்னப்பிராசனம் பங்குனி 14, வெள்ளிக்கிழமை, நம் பெருமாள் சந்நிதியில். என் மடியில் வைத்துத்தான் முதல் பருக்கை கொடுக்க வேண்டும், அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நீங்கள் நாலு நாள் முன்பே வந்துவிட வேண்டும். பஸ்ஸில் வருவதானால் குழந்தைக்குப் பாட்டிலில் பால் எடுத்துக்கொள். நம் வீட்டுப் பெண் அந்த மாதிரிப் பேச்சுக்கு இடம் கொடுக்க மாட்டாள். இருந்தாலும் அப்பா சொல்லிவைக்கிறேன்.

உன் பதிலுக்குத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா
ஜகந்நாதன்


தூத்துக்குடி
10-3-2025

அப்பாவுக்கு ஜான்ஹவியின் நமஸ்காரங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு மூன்று தடவை படித்தேன். பதில் எழுத உட்காருவேன், குழந்தை அழுவாள், எழுந்துவிடுவேன். அவள் அழாதபோதும் எழுந்துவிடுகிறேன். வீட்டுக்குள் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

எழுபது முடிந்ததற்கு நமஸ்காரம். நேரில் வந்து சேவிக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

பங்குனி 14க்கு வர முடியுமா என்று தெரியவில்லை. இந்த மாதக் கடைசியில் லீவு முடிகிறது. ஏஜென்சி ஆபீசில் எனக்குப் பதிலாக வந்த பையனுக்குக் கப்பல் பேப்பர் பார்க்கத் தெரியவில்லை என்று இப்போதே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் அது மட்டும் இல்லை. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

பாட்டில் என்று எழுதியிருந்தீர்கள். அவள் பாட்டிலை வாயில் வைப்பதில்லை, துப்பிவிடுகிறாள். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பஸ்ஸில் இருந்த பெண்ணின் குழந்தைக்கு எத்தனை மாதம் இருக்கும்? ஆணா பெண்ணா? அவள் எதிர்த்துப் பேசினாள் என்றால் என்ன பேசினாள்? அவளை எந்த இடத்தில் இறக்கினார்கள், அங்கே நிழல் இருந்ததா? தெரிந்தால் எழுதுங்கள்.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் போனில் அம்மா அதிகம் பேசுவதில்லை.

ஜான்ஹவி


ஸ்ரீ:
தென்திருப்பேரை
14-3-2025

சௌபாக்கியவதி ஜான்ஹவிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். பேத்திக்கு அன்னப்பிராசனம் எப்போது என்று எழுதினால், எவளோ ஒரு பெண்ணுக்கு நிழல் இருந்ததா என்று எனக்குப் பரீட்சை வைக்கிறாய். முப்பது வருஷம் ஸ்ரீவைகுண்டத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை வைத்தவன் நான்.

கேட்டாய், சொல்கிறேன். எத்தனை மாதக் குழந்தை என்று தெரியாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. நான்தான் திரும்பிப் பார்க்கவில்லையே. என்ன பேசினாள் என்பதும் காதில் விழவில்லை. இறக்கிய இடம் ஆத்தூர் தாண்டி, வாழைத் தோட்டத்துப் பக்கம். நிழலுக்கு என்ன குறை அங்கே.

உங்கள் காலத்துப் பெண்களுக்கு உரிமை என்ற வார்த்தை கிடைத்துவிட்டது. பால் கொடுப்பதை யார் வேண்டாம் என்றார்கள்? கொடுக்கிற இடம் என்று ஒன்று உண்டு. இப்போது பஸ் நிலையங்களில் அதற்கென்றே அறை கட்டிவைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் ஆயிற்று. நாலு பேர் மத்தியில் ஒரு பெண் அப்படி உட்கார்ந்திருந்தால் பேச்சு அவளுக்குத்தானே வரும்? அவளுக்கு நல்லதைத்தான் நான் சொன்னேன்.

உன் அம்மாவைப் பற்றிக் கேட்டாய். எனக்கே தெரியவில்லை. இலை போடுகிறாள், சாதம் போடுகிறாள், எதிரில் நிற்பதில்லை. உடம்புக்கு என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். நீ வந்தால் சரியாகிவிடுவாள் என்று நினைக்கிறேன். அதற்காகவாவது வா.

பஸ் கஷ்டம் என்றால் இங்கிருந்து கார் அனுப்புகிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டால் உன் இஷ்டம், யாரும் பார்க்க மாட்டார்கள். வரும் தேதியை மட்டும் எழுது. சுற்றி வளைக்காதே, உனக்கு அது பழக்கமில்லை.

அப்பா
ஜகந்நாதன்


தூத்துக்குடி
19-3-2025

அப்பாவுக்கு நமஸ்காரம்.

சுற்றி வளைக்காதே என்று எழுதினீர்கள். சரி.

அந்தக் குழந்தைக்கு ஐந்தரை மாதம். பெண் குழந்தை. பெயர் பத்மஸ்ரீ. இறக்கிவிட்ட இடத்தில் நிழல் இருந்தது, நீங்கள் எழுதியது சரிதான்.

உங்கள் நட்சத்திரத்துக்குச் சொல்லாமல் வந்து நிற்க வேண்டும் என்று நானும் அம்மாவும் பேசிவைத்திருந்தோம். ரங்காவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட், தனியாகத்தான் கிளம்பினேன். உங்களுக்கு ஒரு வேஷ்டி வாங்கிப் பையில் வைத்திருந்தேன். பெண்கள் சீட் எல்லாம் நிறைந்திருந்தது, பின்சீட்டில் ஓரமாக இடம் கிடைத்தது. ஏறுவதற்கு முன்பே அவளுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டேன். பஸ் உப்பளத்துப் பக்கம் ரொம்ப நேரம் நின்றுவிட்டது. வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முக்காணியிலேயே அவள் சிணுங்கினாள். தட்டிக்கொடுத்தேன், வெளியே காட்டினேன், சாவியைக் கையில் கொடுத்தேன்.

ஆத்தூரில் நீங்கள் ஏறினீர்கள்.

உங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கூட்டத்தில் இடிபடாமல் நெளிந்து வந்தீர்கள். கூப்பிட்டிருப்பேன். பெருமாள் சாமான் கையில் இருக்கிறது, திரும்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஊரில் இறங்கினதும் பின்னாலேயே வந்து, சந்நிதி வாசலில் குழந்தையை நீட்டலாம் என்று நினைத்தேன். அந்த ஐந்து நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன், அப்பா.

அப்புறம் அவள் வீறிட்டு அழுதாள். பசித்த அழுகை. நான் கொடுத்தேன். துப்பட்டாவை மேலே போட்டுத்தான் கொடுத்தேன், அந்தப் புழுக்கத்தில் அவளே அதை இழுத்துத் தள்ளிவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. மூடினால் குடிக்க மாட்டாள், குடிக்காவிட்டால் அழுவாள். பக்கத்தில் நின்ற ஒருவன் மூடிக்கோ என்றான். "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றேன். நான் எதிர்த்துப் பேசியது அவ்வளவுதான். அதுதான் ஒரு வாய் மாறி ஒரு வாயாக முன்சீட்டுக்குப் போயிருக்கிறது.

கண்டக்டர் சும்மா இருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனுஷனுக்கு இதில் தப்பாக எதுவும் தெரியவில்லை, அதனால் சும்மா இருந்தார். பிறகு உங்கள் குரல் கேட்டது. காது கேட்காததால் நீங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பஸ் முழுக்கக் கேட்டது. அவர் என்னிடம் வந்து, "பெரியவுக சொல்லுதாவ, கோயில் சாமான் இருக்காம். எறங்கிக்கோங்கம்மா, பின்னாலயே வண்டி வருது" என்றார். பிள்ளை குடித்து முடிக்கட்டும் அண்ணாச்சி என்றேன். அவர் முன்னால் உங்களைப் பார்த்தார். உங்கள் நாமத்துக்கும் குடுமிக்கும் மரியாதை. விசில் அடித்துவிட்டார். மீன் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் மட்டும், "பச்சப்பிள்ள பால் குடிச்சா ஒங்களுக்கு என்னய்யா செய்யுது" என்று கேட்டாள். அவளை யாரும் லட்சியம் பண்ணவில்லை.

வாழைத் தோட்டத்து பம்புசெட் மேடையில் உட்கார்ந்து மிச்சத்தைக் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். அம்மாவிடம் குழந்தைக்குச் சளி என்று சொன்னேன்.

நீங்கள் அந்தப் பெண்ணைப் பார்க்கவும் இல்லை, அவள் சொன்னதைக் கேட்கவும் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது போதும் என்று இருந்தது உங்களுக்கு. பெருமாள் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஏற்படுத்தியவர்கள், அதை வைத்துக்கொண்டு ஒருத்தியை இறக்கிவிடச் சொல்லக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பால் கொடுக்க அறை இருக்கிறது என்றீர்கள். பஸ் போகிற வழியெல்லாம் அந்த அறையும் கூடவே வருமா?

அன்றிலிருந்து நான் சரியாக இல்லை. தடுப்பூசிக்குப் போகும்போது பஸ்ஸில் ஏறி உட்கார்கிறேன், அவள் வாயைச் சப்புக்கொட்டினால் எனக்குப் படபடவென்று வருகிறது. போன வாரம் இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கி நடந்தேன். கொடுக்குமுன் நாலு பக்கமும் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா, "ஏளா, பிள்ள அழுதா பால் குடு, ஊர் அழுதா அழட்டும்" என்கிறாள். அவள் நாலு பிள்ளைகளுக்கும் கடற்கரையில் உட்கார்ந்து கொடுத்தவள். எனக்கு அந்தத் தைரியம் போய்விட்டது. என் அப்பாவின் குரலுக்குப் பயந்து நான் இதுவரை இருந்ததே இல்லை.

கார் வேண்டாம். கண்ணாடி ஏற்றிய காரில் என் பெண்ணை முதல் சோறு சாப்பிடக் கூட்டிக்கொண்டு வர எனக்கு மனசில்லை.

ஜான்ஹவி


ஸ்ரீ:
தென்திருப்பேரை
24-3-2025

என் கண்ணே ஜானு,

நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் பெற்ற பெண்ணையும் பேத்தியையும் நடுரோட்டில் இறக்கிவிட்டுவிட்டு, அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்.

பெருமாள் சத்தியமாகச் சொல்கிறேன், நீ என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்குமா? நீ என்று தெரிந்திருந்தால் உன்னை ஒரு வார்த்தை சொன்னவனை நானே பஸ்ஸை விட்டு இறக்கியிருப்பேன். வெற்றிலைக் கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து உன் பக்கத்தில் நின்றிருப்பேன். பெருமாள் மன்னிப்பார்.

நீயும் ஒரு தப்புப் பண்ணினாய். அப்பா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா? எனக்குக் கேட்காவிட்டாலும் கண்டக்டருக்குக் கேட்டிருக்கும். அந்தப் பெரியவர் என் அப்பாதான் என்று சொல்லியிருந்தால் அவன் உன்னை இறக்கியிருப்பானா? பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாயே, அந்த ரோஷம் என்னிடமிருந்து வந்தது, வேறு எங்கிருந்து வரும்.

நடந்தது நடந்துவிட்டது. தெரியாமல் செய்த பிழைக்குப் பெருமாளே தண்டனை கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிடு. எப்படி வேண்டுமானாலும் வா. என் மடி காத்துக்கொண்டிருக்கிறது.

அப்பா


தூத்துக்குடி
1-4-2025

அப்பாவுக்கு நமஸ்காரம்.

வெள்ளிக்கிழமை இங்கேயே வைத்துக்கொண்டோம். ரங்கா பக்கத்துப் பெருமாள் கோயிலிலிருந்து பிரசாதம் வாங்கி வந்தார். ஒரு பருக்கையை நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள், பிறகு இன்னொன்று வேண்டும் என்று என் விரலைப் பிடித்து இழுத்தாள். போட்டோவை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். அன்று உங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ரொம்ப யோசித்தேன். மன்னிப்புக் கேட்ட அப்பாவிடம் இன்னும் கோபம் எதற்கு என்று எனக்கே இருந்தது. பிறகு புரிந்தது. நீ என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்குப் பின்சீட்டில் நான் இல்லாமல் வேறு ஒருத்தி இருந்திருந்தால்? நீங்கள் இன்றைக்கும் கோயிலில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். வாய் வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன், பெரியவர் பெண் என்பதற்காக. அப்படி உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. என் குழந்தை பசிக்கு அழுதாள், நான் கொடுத்தேன், அதற்கு யார் பெண் என்று சொல்லி இடம் வாங்க வேண்டுமா?

நேற்றிலிருந்து ஆபீஸ் போகிறேன். குழந்தையை ஹில்டா அக்காவிடம் விடுகிறேன். மத்தியானம் ஓடி வந்து கொடுத்துவிட்டு ஓடுகிறேன்.

உங்கள் மேல் எனக்கு அன்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி பேச எனக்கு இப்போது வராது. எப்போது வரும் என்றும் தெரியவில்லை.

ஜான்ஹவி


ஸ்ரீ:
தென்திருப்பேரை
10-4-2025

ஜானு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவன் இவ்வளவு இறங்கி வந்த பிறகும் இன்னும் என்ன வேண்டும் இவளுக்கு என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அன்னிக்கு ராத்திரி நீங்க சொல்லச் சொல்லவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வரேன்னு சொன்னவள் வரலை, பஸ்ஸில ஒருத்தியை இறக்கினேன்னு நீங்க சொல்றேள். நம்ம பொண்ணா இல்லாட்டாலும் எனக்கு அந்தச் சாதம் இறங்கியிருக்காது" என்றாள். நீ பிறந்த வருஷம் ஸ்ரீரங்கம் போனோமே, ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ராத்திரி முழுக்கக் கழுத்து வலிக்க வலிக்க உனக்குப் பால் கொடுத்தாளாம். நான் எதிர்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேனாம். இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் சொன்னதில்லை.

மறுநாள் கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு என்னைப் பாராட்டினவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்களிடம் சொன்னதை அவர்களிடம்தானே திருப்பி எடுக்க வேண்டும். நான் இறக்கிவிடச் சொன்னது என் பெண்ணையும் பேத்தியையும் என்று சொன்னேன். நான் பண்ணினது தப்பு என்றும் சொன்னேன். என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். யாரும் திட்டவில்லை. தோளைத் தட்டினார்கள். ஒருத்தர் சொன்னார், "தெரியாம நடந்ததுதானே, யாரோன்னு நினைச்சுத்தானே சொன்னீர், அதுக்குப் போய் மனசை அலட்டிக்காதீர்." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நான் உனக்கு எழுதின அதே வார்த்தை. எழுதினபோது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது காதில் விழுந்த விதமே வேறு. மிஷின் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்.

"யாரோன்னா இறக்கி விடலாமா?" என்று கேட்டேன்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, ஒருத்தர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்து நான் போனால் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றிக்கொள்ளட்டும்.

அந்தக் கேள்வியைத்தான் உன் கடிதத்தில் நீ என்னைக் கேட்டாய். நான் அதற்குக் கோபம்தான் பட்டேன். இப்போதும் எல்லாம் தெளிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எழுபது வருஷப் பழக்கம். பஸ்ஸில் அப்படி ஒருத்தியைப் பார்த்தால் இப்போதும் என் கண் முதலில் கூசும். கூசினால் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும், அவளை இறக்கக் கூடாது. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. நீ அந்த ஆளிடம் சொன்னதும் இதைத்தான்.

நீ இங்கே வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, 19ஆம் தேதி, நானும் உன் அம்மாவும் பஸ்ஸில் தூத்துக்குடி வருகிறோம். குழந்தையைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுவோம். உனக்கு மனசு வந்து பேசினால் பேசு. பேசாவிட்டால் உன் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் ஒரு கார்டு போடு. காரணம் எழுத வேண்டாம். கார்டு வந்தால் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதப் பார்த்தேன், அது பொய். வருத்தப்படுவேன். ஆனாலும் வர மாட்டேன்.

கார்டு வராவிட்டால், காலை முதல் பஸ்.

அப்பா